கடைசியாகத் தொட்டவர்: எண் 4

மார்ச் பதினேழாம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்கு, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஒன்பது மாடிக் கட்டடத்தின் இரண்டாவது லிஃப்ட் ஆறாம் மாடியில் நின்றது. கதவு திறந்தது. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளராக இருந்த முப்பத்தொரு வயதுப் பெண் வெளியே கால் எடுத்து வைத்தார். திறந்த கதவோடு லிஃப்ட் மேலே கிளம்பியது. அவர் அங்கேயே இறந்தார்.

பிரேக்கின் நட்டு தளர்ந்து கிடந்ததாகக் காவல் துறை அறிக்கை சொன்னது. அதைக் கடைசியாகத் தொட்டவர் என்று லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் நான்காம் எண் மெக்கானிக் கைது செய்யப்பட்டார்.

அந்த மெக்கானிக்கின் அக்கா, ஒரு வாரம் கழித்து, சைக்கிள் கடை மாடியில் இருந்த ஒரு சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலை. முழங்கை வரை நீராவி சுட்ட தழும்புகள். அவள் கணவர் உட்காரவில்லை. அதே கம்பெனியின் நீலச் சட்டையில், சுவரோடு சுவராக நின்றிருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை எல்லோரும் சர்வேயரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து நடந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து அறிக்கை எழுதியவர். வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்த பிறகும் பட்டப்பெயர் விடவில்லை. உதவியாளன் பெயர் கொசு. வயது முப்பத்தெட்டு, தலையில் முடி இல்லை, வாயில் பூட்டு இல்லை. இணையப் பக்கங்கள் எழுதும் வேலையில் இருந்தவன். மூன்று கம்பெனிகள் அவன் வேலையைப் பாராட்டிவிட்டு, வாய்க்காக வெளியே அனுப்பியிருந்தன.

"அந்தக் கட்டடத்துக்குள்ள காலே வெச்சதில்லைன்னு சொன்னான்மா," என்றாள் அக்கா. "மொத நாளும் அதையேதான் சொன்னான், மூணாம் நாளும் அதையேதான் சொன்னான். நேத்து பாக்கப் போனப்போ, 'ஒருவேளை போயிருப்பேனோக்கா'ன்னு என்னையே கேக்கறான்."

"ஏன் அப்படிக் கேட்டான்?"

"ஆறு தடவை போயிருக்கான்னு கம்பெனி ஸ்கிரீன்ல இருக்காம். எல்லாரும் அதையே காட்டிக் காட்டிக் கேட்டா அவன் என்ன பண்ணுவான்?"

அவள் மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். ஸ்கிரீனில் தெரிந்ததை அப்படியே அச்சடித்தது. இரண்டாவது லிஃப்ட் என்று தலைப்பு. கீழே ஆள் எண்ணும், எத்தனை முறை வந்தார் என்ற கணக்கும். நான்காம் எண், ஆறு முறை. ஒன்பது, பதினொரு முறை. பதினைந்து, எட்டு முறை. இருபத்தேழு, பதின்மூன்று முறை. அடியில் சிவப்பு எழுத்தில்: கடைசியாகத் தொட்டவர், எண் 4.

"உங்க தம்பி மறதிக்காரனா?"

"எங்கம்மா செத்த அன்னைக்கு யார் யார் என்ன கலர் சட்டை போட்டுட்டு வந்தாங்கன்னு இப்ப கேட்டாலும் சொல்லுவான்."

அவள் கணவர் தொண்டையைச் செருமினார். "கம்பெனி வக்கீல் ஒரு வழி சொல்றாரும்மா. கவனக்குறைவுதான்னு ஒத்துக்கிட்டா ரெண்டு வருஷத்துல வந்துடலாமாம். மறுத்தா ஏழு, எட்டுன்னு இழுக்குமாம். இன்னைக்கு நாலு மணிக்கு கோர்ட்ல கையெழுத்துப் போடணும். எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஸ்கிரீனோட யாரு வாதாட முடியும்?"

"ஸ்கிரீனோட வாதாடறதுதான் சார் என் படிப்பே," என்றான் கொசு. "சம்பளம் குடுக்கத்தான் ஆள் கிடைக்கல."

அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுது அழுது அவர் கண் இரண்டும் வீங்கியிருந்தன. மனைவியின் தம்பிக்காக இவ்வளவு அழும் ஆளை சர்வேயரம்மா அதிகம் பார்த்ததில்லை.

"கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க," என்றார் எழுந்தபடி. "நாலு மணிக்குள்ள வந்துடறேன்."

படி இறங்கும்போது கொசு கேட்டான். "அவனை நம்பறீங்களா மேடம்?"

"பொய் சொல்றவனுக்கு நாள் ஆக ஆகக் கதை வளரும், கொசு. புதுசா ஒரு ஆள் வருவான், ஒரு டீக்கடை வரும். இவன் கதை சுருங்கிட்டே வருது. நாள் ஆக ஆகத் தன்னையே சந்தேகப்படறவன் பெரும்பாலும் உண்மை சொன்னவன்."

"என் மனைவிகிட்ட நானும் அப்படித்தான் சுருங்கறேன். அவ நம்பறதில்ல."

*

ஒன்பது மாடிக் கட்டடத்தில் இரண்டாவது லிஃப்டின் வாசலில் மரப்பலகை அடித்திருந்தார்கள். மற்ற இரண்டு லிஃப்டுகள் ஓடின. ஆனால் யாரும் ஏறவில்லை. கைப்பையும் கோப்புமாக ஜனங்கள் மூச்சு வாங்க மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கட்டடத்தின் மேனேஜர் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய ஓர் அறையில் இருந்தார். ஒல்லியான ஆள், ஒரு வாரத்தில் இன்னும் ஒல்லியாகிவிட்ட மாதிரி சட்டை தொங்கியது. அவருக்குப் பின்னால் சுவரில் ஆணி வரிசை, ஆணிகளில் சாவிகள்.

"பதினாறாம் தேதி சாயங்காலம் யாராவது மேலே போனாங்களா?"

"ஒருத்தர் வந்தாரும்மா. மோட்டார் ரூம் சாவி கேட்டாரு, குடுத்தேன். கொஞ்ச நேரத்துல ஓட்டமா இறங்கி வந்தாரு. சாவியை அப்புறம் குடுக்கறேன்னு சொல்லிட்டே ஓடிட்டாரு. மறுநாள் அந்தக் களேபரத்துல பாக்கறேன், சாவி ஆணியில தொங்குது. யார் மாட்டினாங்கன்னு தெரியாது."

"ஆள் எப்படி இருந்தார்?"

"நீலச் சட்டை. அவங்க எல்லாரும் நீலச் சட்டைதான். முகத்தை யார் பாக்கறா?"

கம்பெனியின் பக்கத்தைப் பார்க்க மேனேஜருக்குக் கடவுச்சொல் கொடுத்திருந்தார்கள். அவர் கணினியைத் திறந்துவிட்டு நாற்காலியைக் கொசுவுக்குத் தள்ளினார். தாளில் இருந்த அதே கணக்கு திரையில் வந்தது. சர்வேயரம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முதல் லிஃப்டுக்கும் இதே மாதிரி இருக்கா? எடு பாக்கலாம்."

வந்தது. நான்கு, ஒன்பது, இருபத்தேழு, முப்பத்து மூன்று. கடைசியாகத் தொட்டவர், எண் 4.

"மூணாவது?"

நான்கு, பதினைந்து, இருபத்தேழு, முப்பத்தொன்று. கடைசியாகத் தொட்டவர், எண் 4.

"இந்த வரிசை எதோட வரிசை, சார்?"

"வந்த வரிசைன்னு சொன்னாங்கம்மா. கடைசியா வந்தவர் முதல்ல இருப்பார், அவருக்கு முன்னாடி வந்தவர் அடுத்து. அப்படியே கீழே போகும்."

"மூணு லிஃப்டுக்கும் மெக்கானிக்குங்க பெரிய நம்பர்லேருந்து சின்ன நம்பர் வரைக்கும் ஒழுங்கா ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்திருக்காங்களா?"

மேனேஜர் திரையை எட்டிப் பார்த்தார். இத்தனை நாளாக அது அவர் கண்ணில் படவில்லை.

"ஸ்கூல்ல உயரத்துக்குத் தகுந்த மாதிரி நிக்க வெச்சாக்கூட நடுவுல ரெண்டு பேர் இடம் மாறியிருப்பாங்க," என்றான் கொசு. கேலி சொன்ன வாயோடு அவன் கை வேலையில் இறங்கியிருந்தது. ஏதோ விசையைத் தட்டியதும் பக்கம் ஒதுங்கி, அதன் வயிறு தெரிந்தது. வரி வரியாக எழுத்து.

"என்ன பண்றீங்க? கம்பெனி தப்பா நினைச்சுக்கப் போறாங்க," என்றார் மேனேஜர்.

"திருடல சார். உங்க வீட்டுக்கு வந்த பொட்டலத்தைத்தான் பிரிக்கறேன். கம்பெனி அனுப்பறது மாவு மட்டும்தான். பிசையறது உங்க கம்ப்யூட்டர். ஜாவாஸ்கிரிப்ட்ங்கற கம்ப்யூட்டர் மொழியில எழுதின பக்கம். ஒவ்வொரு தடவை ஆள் வந்ததுக்கும் ஒரு சீட்டு. எங்க பாஷையில ஆப்ஜெக்ட். சீட்டுல நாலு விஷயம் இருக்கு. எந்த லிஃப்ட், ஆள் எண் என்ன, தேதி, செஞ்ச வேலை. உங்க ரெண்டாவது லிஃப்டுக்கு முப்பத்தெட்டு சீட்டு வந்திருக்கு."

மேஜையில் டீ குடித்த காகிதக் கோப்பைகள் சில அடுக்கியிருந்தன. கொசு அவற்றை எடுத்தான்.

"பக்கம் என்ன பண்ணுது பாருங்க மேடம். புதுச் சீட்டுலேருந்து பழசு வரைக்கும் ஒண்ணொண்ணா எடுக்குது. எடுத்தவுடனே ஆள் எண்ணைப் பாக்கும். அந்த எண்ணுக்குக் கோப்பை இல்லைன்னா புதுசா ஒண்ணு வைக்கும். ஏற்கெனவே இருந்தா அந்தக் கோப்பையிலேயே போட்டு ஒண்ணு கூட்டிக்கும். கடைசியில எத்தனை கோப்பை, ஒவ்வொண்ணுலயும் எத்தனை சீட்டு. அதுதான் இந்தக் கணக்கு."

"சரி."

"புதுச் சீட்டை முதல்ல எடுக்கறதால, முதல்ல வைக்கிற கோப்பை யாருதோ அவர்தான் கடைசியா வந்தவர். எழுதினவன் அப்படி நினைச்சுத்தான் முதல் கோப்பையோட எண்ணைச் சிவப்புல போடச் சொல்லியிருக்கான். நினைப்புல தப்பில்ல."

"பின்ன எங்க தப்பு?"

"ஜாவாஸ்கிரிப்டோட குணம் தெரியாம கட்டிக்கிட்டான். கோப்பைக்குப் பேர் எழுத்தா இருந்தா அது வந்த வரிசையிலேயே வைக்கும். பேர் முழு எண்ணா இருந்துச்சோ, யாரையும் கேக்காம சின்னதுலேருந்து பெருசா அடுக்கிடும். நீங்க எந்த வரிசையில குடுத்தீங்கன்னு அதுக்குக் கவலையில்ல."

"அப்போ முதல் கோப்பை எப்பவும்..."

"சின்ன நம்பர்தான். நேத்து வந்தவர் யாரா இருந்தாலும் சரி." கொசு எதையோ தட்டினான். "ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னாடி ஒரு எழுத்தை ஒட்டறேன். வேற எதையும் தொடல. பாருங்க."

திரையில் வரிசை புரண்டது. இருபத்தேழு முதலில் வந்தது. பிறகு பதினைந்து, ஒன்பது. நான்காம் எண் கடைசிக்குப் போனது.

மேனேஜர் மெதுவாக உட்காரப் போனார். அவருக்கு உட்கார நாற்காலி இல்லை என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வரிசை தப்புன்னு வெச்சுக்கலாம்," என்றார் சர்வேயரம்மா. "ஆறு தடவைங்கறது? அவன் காலே வெக்கலைங்கறானே. எண்ணிக்கையும் தப்பா?"

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும். ஒண்ணு கூட்டறதுல அது தப்பு பண்ணாது."

"அந்த ஆறு சீட்டையும் தனியா எடு. தேதியைப் படி."

கொசு படித்தான். முதலாவது மூன்று வருடத்துக்கு முந்தையது. கடைசிச் சீட்டு போன வருடம் ஜூலை.

"தம்பி வேலைக்குச் சேர்ந்தது?"

"அக்டோபர்னு அந்தம்மா சொன்னாங்க." கொசு திரையை விட்டுக் கண்ணை எடுத்தான். "சேர்றதுக்கு முன்னாடியே ஆறு தடவை வந்திருக்கான். வேலை மேல அவ்வளவு ஆசை."

"அவன் வரல. அவனுக்கு முன்னாடி நாலாம் எண்ணா இருந்தவங்க வந்திருக்காங்க. ஒருத்தன் போனதும் அந்த எண்ணை அடுத்தவனுக்குக் குடுத்திருக்காங்க. இது ஆளை எண்ணல, கொசு. நம்பரை எண்ணியிருக்கு. எத்தனை பேரோ, எல்லாரையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டி அந்தப் பையன் தோள்ல ஏத்தியிருக்கு."

புதுச் சீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. அது மேலேயே கிடந்தது. மார்ச் பதினாறு, மாலை. வேலை: பிரேக் சரிபார்ப்பு. ஆள் எண் 27.

"கிளம்பலாமா?" என்றான் கொசு. "போலீஸ்ல இதைக் குடுத்தா முடிஞ்சுது. மணி ரெண்டுகூட ஆகல. மதியச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கு."

"நம்பர் வேற, ஆள் வேறன்னு இப்பத்தானே பாத்தோம்? ஒரு நம்பரை நம்பி ஒருத்தனை உள்ள வெச்சுட்டாங்க. நானும் வெறும் நம்பரை எடுத்துட்டுப் போய் நிக்கணுமா? இருபத்தேழு இன்னைக்கு யார் கழுத்துல தொங்குதுன்னு பாத்துட்டு வரலாம்."

*

கம்பெனியின் பட்டறை தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. கிரீஸ் வாசனை. வாசலை ஒட்டிக் கம்பி வலை போட்ட ஸ்டோர் ரூம், அதற்குள் ஸ்டோர் கீப்பர். பெரிய கண்ணாடி போட்டவர், கையில் துணி, ஏதோ பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலைக்கு வெளியே சுவரில் ஒரு பலகை. எண் எழுதிய ஆணிகள். சில ஆணிகளில் நாணயம் அளவுக்குப் பித்தளை வில்லைகள். வேலைக்குப் போகிறவர் வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார், திரும்பினால் இங்கே தொங்கும்.

நான்காம் ஆணியில் ஒரு வில்லை தொங்கியது. மற்றவை மங்கி, விளிம்பு தேய்ந்திருந்தன. இது பளபளவென்று இருந்தது.

"பையனோட வில்லையைப் போலீஸ் எடுத்துக்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே," என்றார் சர்வேயரம்மா.

"இது புதுசு. நேத்து வெட்டினது."

"யாருக்கு?"

"அடுத்து வர்றவனுக்கு."

"பையன் கேஸே இன்னும் முடியல."

ஸ்டோர் கீப்பர் பல்சக்கரத்தைத் துடைத்தார்.

"உங்க கம்பெனியில நம்பருக்குப் பஞ்சமா அண்ணே?" என்றான் கொசு. "நாலு வேணாம்னா நாப்பது குடுங்க, நானூறு குடுங்க. எங்க ஊர்ல நம்பர் இலவசம்."

"வழக்கம். காலியான நம்பரைப் புதுசா வர்றவனுக்குக் குடுப்போம்." பிறகு தானாகவே சொன்னார். "நாலு ராசியில்லாத நம்பர்னு பசங்க பேசிக்குவாங்க."

"ராசியில்லைன்னா தூக்கி எறிஞ்சுடலாமே," என்றார் சர்வேயரம்மா.

ஸ்டோர் கீப்பர் பல்சக்கரத்தைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு யார்?"

"முதலாளி வீட்டு ஆளுங்க. அவங்க லிஃப்ட்ல ஏறுவாங்க. லிஃப்டைத் தொட மாட்டாங்க."

"அப்போ நாலைத் தூக்கிட்டா, தொடறவங்கள்ல சின்ன நம்பர் எது?"

துணி நின்றது. அவர் பலகையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லாமல் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஒன்பது," என்றார். "ஒன்பதுக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க."

அதைச் சொன்ன குரலில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"ஏன் அப்படிக் காட்டுதுன்னு எங்களுக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. எங்க என்ன ஆனாலும் நாலுன்னு காட்டும். அது தெரியும். மொதத் தடவை அவன்தான் பண்ணியிருப்பான்னு நினைச்சோம். ரெண்டாவது தடவை வேலையைச் செஞ்சவன் இங்கேயே நின்னு, ஸ்கிரீனைப் பாத்தான். அவனுக்குத் தெரியுமில்ல, தான்தான்னு. அவன் வாயைத் திறக்கல. அவன் திறக்கலைன்னதும் நாங்களும் திறக்கல. அதுக்கப்புறம் சம்சாரம், புள்ளைகுட்டின்னு இருக்கறவனுக்கு நாலு குடுக்கறதில்ல. ஒண்டிக்கட்டையா பாத்துக் குடுப்போம். அதுதான் நாங்க பண்ற நியாயம்."

"இந்தப் பையனுக்கு முன்னாடி நாலு யார்?"

"அமைதியான ஆளு. துணிக்கடையில சாமான் ஏத்தற லிஃப்ட். ஒருத்தனுக்குக் கை போயிடுச்சு. ஸ்கிரீன் நாலுன்னுச்சு, உள்ள போனான். செப்டம்பர்ல உள்ளேயே தூக்கு மாட்டிக்கிட்டான். அவன் சாமானோட வில்லையும் வந்துச்சு."

"அதே வில்லையையா இந்தப் பையனுக்குக் குடுத்தீங்க?"

"துடைச்சுக் குடுத்தேன்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

கொட்டகையின் மறுகோடியில் யாரோ இரும்பை ராவிக்கொண்டிருந்தார்கள். சர்வேயரம்மா பலகையில் இருபத்தேழாம் ஆணியைப் பார்த்தார். காலி.

"இருபத்தேழு எங்கே வேலைக்குப் போயிருக்காரு?"

"லீவு. கோர்ட்டுக்குப் போயிருக்காரு." ஸ்டோர் கீப்பர் முதல் முறையாக சர்வேயரம்மாவின் முகத்தைப் பார்த்தார். "உங்ககிட்டதானே காலையில வந்தாங்க, புருஷனும் பொண்டாட்டியும்? மச்சினன் கேஸாச்சே."

கொசு பலகையைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

"பையனை வேலைக்குக் கூட்டிட்டு வந்ததே அவர்தான்," என்றார் ஸ்டோர் கீப்பர். "நாலை எடுத்து அவன் கழுத்துல மாட்டி விட்டதும் அவர்தான். தெரிஞ்சுதான் மாட்டறியான்னு கேட்டேன். புதுசா வந்தவன் இவன்தான், வேற யாருக்கு மாட்டறதுன்னாரு. நான் பாத்துக்கறேன்னும் சொன்னாரு."

*

நீதிமன்ற நடைபாதையில் மர பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி வக்கீல் கோப்போடு உள்ளே போய்க்கொண்டிருந்தார். நான்கு மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி.

வண்டியில் வரும்போது சர்வேயரம்மா ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தார். தன்னிடம் உதவி கேட்டு வந்தவள் இந்தப் பெண். இவளுக்குத் தெரியாமல் இவள் கணவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினால், இந்த வழக்கில் வாயை மூடிக்கொண்டவர்களின் கணக்கில் இன்னும் ஒருவர் சேருவார். அதனால் இருவருக்கும் எதிரே போய் நின்றார்.

"மோட்டார் ரூம் சாவியைப் பதினேழாம் தேதி எத்தனை மணிக்கு ஆணியில மாட்டினீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் சட்டைப் பைக்குப் போய், உள்ளே கிடந்த வில்லையைத் துணியோடு சேர்த்து அழுத்தியது.

"என்ன சாவி?" என்றாள் மனைவி. "ஏங்க, எந்தச் சாவியைக் கேக்கறாங்க?"

இரண்டு பேர் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். அவர்கள் போகும் வரை அவர் காத்திருந்தார்.

"நட்டைத் தளர்த்தி வெச்சிருந்தேன்," என்றார். "அப்பதான் போன் வந்துச்சு. ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சரோட மாட்டிக்கிட்டாங்கன்னு. போன்லயே அலறல் கேக்குது. ஓடினேன். அங்க முடிக்க ராத்திரி ஆயிடுச்சு. காலையில மொத வேலையா வந்து இறுக்கிடலாம்னு வந்தேன். வாசல்ல கூட்டம் நின்னுச்சு."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸ் என்னைத் தேடி வரும்னுதான் உக்காந்திருந்தேன். சத்தியமா. வரல. சாயங்காலம் ஸ்கிரீன்ல நம்பர் வந்துடுச்சுன்னாங்க."

"நாலுன்னு வரும்னு உங்களுக்குத் தெரியும்," என்றார் சர்வேயரம்மா.

"தெரியும்."

"ஆறு தடவைங்கற கணக்கு பொய்யின்னும் தெரியும்."

"அவன் போனதில்லைன்னு தெரியும்."

"ஒருவேளை போயிருப்பேனோன்னு அவன் கேட்டப்போ?"

மனைவிதான் பேசினாள். அவள் குரல் உயரவில்லை. "நேத்து அவன் இன்னொண்ணும் கேட்டான். மாமா ஏன்கா என் முகத்தையே பாக்க மாட்டேங்கறாருன்னு. உன்னை நினைச்சு அழுது அழுது அவருக்குக் கண்ணைத் திறக்க முடியலடான்னு நான் சொன்னேன்."

"ரெண்டு புள்ளைங்க இருக்கும்மா நமக்கு," என்றார் அவர். "நான் உள்ள போனா என்ன ஆகும்னு யோசிச்சேன். அவன் ஒண்டிக்கட்டை. ரெண்டு வருஷம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்னு நினைச்சேன். அவனுக்கு யாரு இருக்கா?"

"அவனுக்கு நான் இருந்தேன்," என்றாள்.

எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கொசு கையில் வைத்திருந்த தாள்களை, கேட்காமலேயே, அவளிடம் நீட்டினான். அவள் அவற்றை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனாள். அவர் பெஞ்சிலேயே இருந்தார். சர்வேயரம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே தம்பியின் எண்ணையும் பெயரையும் கூப்பிடுவது கேட்டது.

அன்று ஒப்புதல் மனு தாக்கல் ஆகவில்லை. அந்த முப்பத்தெட்டுப் பதிவுகளும் தேதியோடு நீதிபதியிடம் கொடுக்கப்பட்டன. இருபத்தேழாம் எண் மெக்கானிக் மாலை ஐந்தரை மணிக்குக் காவல் நிலையத்துக்குத் தானாகவே நடந்து போய் வாக்குமூலம் கொடுத்தார். அவருக்கு நான்கு வருடத் தண்டனை கிடைத்தது. தம்பி ஏப்ரல் மூன்றாம் தேதி விடுவிக்கப்பட்டான். கம்பெனி மே மாதம் தன் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தியது. துணிக்கடை லிஃப்டின் பதிவுகளையும் கொசு எடுத்துக் கொடுத்தான்; அதைக் கடைசியாகத் தொட்டவர் பதினைந்தாம் எண். அந்த வழக்கை மறுபடி விசாரிக்கக் கோரி சர்வேயரம்மா மனு போட்டார். தண்டிக்கப்பட்டவர் உயிரோடு இல்லை என்பதால் மனு தள்ளுபடி ஆனது.